விதி பொதுதான், மறுப்பு மட்டும் எங்களுக்கா?

வாசகர் கேள்வி: எண்ணிக்கையில் சிறிய மதப்பிரிவு நாங்கள். வழிபாட்டுக் கூடம் கட்ட மூன்று முறை மனுப் போட்டும் அனுமதி இல்லை. விதி எல்லோருக்கும் பொதுவானது, அதில் எங்கள் பெயரே கிடையாது. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைக்கிறது. அரசியலமைப்பைக் காட்டி வழக்குப் போடலாமா?

போடலாம். விதியில் பெயர் இல்லையே என்று மலைக்காதீர்கள், பெயர் சொல்லி ஒதுக்குகிற அளவுக்கு வெளிப்படையாக எழுதுபவர்கள் குறைவு. இதே சங்கதி 1880-களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி. தீப்பிடிக்கும் என்ற பயம்தானே, நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற பெயரில் வந்த வழக்கில் 1886-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தில் நேர்மையாக இருக்கும் விதியைப் பாரபட்சமாகக் கையாண்டால் அதுவும் சமத்துவ மறுப்புதான் என்றது. வழக்காடியவர் அந்நாட்டுக் குடிமகன்கூட இல்லை.

அந்த வழக்கை ஜெயிக்க வைத்தது அந்தக் கணக்குதான், அதோடு அவர் கையில் தீயணைப்பு, சுகாதார அதிகாரிகள் கொடுத்த சான்றிதழ்களும் இருந்தன. ஆகவே முதலில் உங்கள் கோப்பைச் சுத்தமாக்குங்கள். வரைபடத்தில் ஒரு குறை இருந்தாலும் எதிர்த்தரப்பு அதையே பிடித்துத் தொங்கும். மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், அதே விதியின் கீழ் அனுமதி பெற்றவர்களின் பட்டியல் வேண்டும், பொதுப் பதிவேட்டிலிருந்து, தேதியோடு. "எல்லாருக்கும் கொடுக்கிறாங்க" என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது.

எவ்வளவு நிரூபிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1976-க்குப் பிறகு, பாதிப்பைக் காட்டினால் மட்டும் போதாது, பாகுபடுத்தும் நோக்கமும் இருந்தது என்று காட்ட வேண்டும், அது கடினம். கனடாவில் 1989 முதல் விளைவே போதும். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்போ மறைமுகப் பாகுபாட்டையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. என்னைக் கேட்டால் இதுதான் ஒழுங்கான வழி, நோக்கத்தை யார் கோப்பில் எழுதி வைக்கப்போகிறார்கள்?

போக்குவரத்து, பாதுகாப்பு என்று அரசுத் தரப்பு பதில் சொல்லும். அப்போது உங்கள் வக்கீல் கேட்க வேண்டியது: வாகன நிறுத்தம், நேரக் கட்டுப்பாடு போன்ற நிபந்தனைகளோடு தந்திருக்கலாமே, முழுசாக மறுப்பது ஏன்? இந்தக் கேள்விக்குப் பல நாட்டு நீதிமன்றங்கள் காது கொடுக்கின்றன.

மேல்முறையீட்டுக்கான கெடு தாண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நீதிமன்றம் பெரும்பாலும் அனுமதியைத் தானே தராது, மறுப்பை ரத்து செய்து, மனுவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி அதே அலுவலகத்துக்கே அனுப்பும். அதனால் இத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாலாவது முறையும் அதே மேசையில் தூங்கும்.