ஏற்காட்டு இறக்கத்துக்கு ஹைட்ராலிக் பிரேக் கட்டாயமா?

கேள்வி: நானும் என் நண்பரும் சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறோம். தை மாதத்தில் ஏற்காடு ஏறி, குப்பனூர் வழியாக இறங்கி, இராசிபுரம், காரவள்ளி வழியே கொல்லிமலைக்குச் சென்று திரும்பும் சைக்கிள் பயணத்துக்குத் திட்டமிட்டிருக்கிறோம். என் வண்டியில் ஒயரால் இயங்கும் டிஸ்க் பிரேக். நண்பரின் வண்டியில் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டை பிரேக். இவை இரண்டுமே மலை இறக்கத்தில் நிற்காது, ஒயருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் உள்ள புதிய வண்டிகளை வாங்கியே ஆக வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நல்ல நிலையில் உள்ள ரப்பர் கட்டை பிரேக்கும் ஒயர் டிஸ்க் பிரேக்கும் ஏற்காட்டு இறக்கத்துக்கும் கொல்லிமலை இறக்கத்துக்கும் போதுமானவை. உங்களுக்குச் சொல்லப்பட்டது தொழில்நுட்பம் அன்று, விற்பனை.

மலையில் பிரேக்குக்கு எதிரி வெப்பம். ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று கொள்வோம். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1,200 மீட்டர். அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு நான்கு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அதில் ஒரு பகுதியை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி ரிம்மிலோ டிஸ்க்கிலோதான் இறங்கும். பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து டியூப் வெடிக்கலாம். டிஸ்க்காக இருந்தால் அதைப் பிடிக்கும் கட்டையின் முகம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிப் பிடிப்பை இழக்கும். ஹைட்ராலிக் வண்டி வாங்கினாலும் இப்படி ஓட்டுபவருக்கு இதே கதிதான். எனவே வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்திவிடுங்கள். முன் பிரேக்கைத் தொட்டால் குட்டிக்கரணம் அடிப்போம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடிக்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்குச் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது முன் பிரேக்தான். உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி அமர்ந்து, அதைச் சீராக அழுத்தப் பழகுங்கள். சில வளைவுகளுக்கு ஒருமுறை ஓரமாக நின்று சக்கரத்தை ஆறவிடுங்கள். நின்றவுடன் டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் வெந்துவிடும்.

நான் சொல்வதற்கு ஒரு விலக்கு உண்டு. நண்பரின் வண்டியில் உள்ள ரிம் குரோம் பூசிய இரும்பாக இருந்தால், அந்தச் சக்கரத்தோடு மலைக்குப் போகக் கூடாது. இரும்பு ரிம் காய்ந்திருக்கும் வரை ஓரளவு நிற்கும். நனைந்துவிட்டால் ரப்பர் கட்டை அதன்மீது வழுக்கிக்கொண்டு போகும், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பயன் இருக்காது. தை மாதத்தில் மழை இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஏற்காட்டின் காலைப் பனிமூட்டத்தில் சிறிது தூரம் ஓட்டினாலே ரிம் முழுவதும் ஈரம் படிந்துவிடும். அலுமினிய ரிம்மும் ஈரத்தில் சற்றுத் தாமதமாகத்தான் பிடிக்கும். ஆனால் சக்கரம் சில சுற்றுச் சுற்றியதும் கட்டை நீரைத் துடைத்துவிட, பிடிப்பு திரும்பிவிடும். எந்த ரிம் என்று கண்டறிய வீட்டில் இருக்கும் ஒரு காந்தத்தை அதன்மீது வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கடைக்காரர் "அலாய்தான் சார்" என்று சொன்னாலும் காந்தத்தை வைத்துப் பார்த்த பிறகே நம்புங்கள். இரும்பாக இருந்தாலும் மாற்ற வேண்டியவை இரண்டு ரிம்கள் மட்டுமே, வண்டி அன்று. சக்கரத்தின் நடுவில் உள்ள பழைய ஹப்பையே வைத்து, புதிய ரிம்மில் கம்பி கோத்துக் கோட்டம் எடுத்துத் தரும் மெக்கானிக்குகள் சேலத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

புதிய வண்டி விலை அதிகம் என்று நீங்கள் தயங்கியதும், 'இம்போர்ட்டட்' பழைய வண்டி ஒன்றைக் காட்டுவதற்கு யாராவது வந்து சேருவார். பயணத்துக்கு ஏற்பாடு செய்து தருகிறேன் என்று முன்வருபவர்களிலும் சிலர் இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். அந்த வற்புறுத்தலுக்குள் கமிஷன் இருக்கிறது. பிரேமின் அடியில் பொறித்த வண்டி எண் அரத்தால் தேய்க்கப்பட்டோ பெயின்டால் மறைக்கப்பட்டோ இருக்கும் வண்டியைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து பாதி பூட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் வரும் சைக்கிளைக் கடைப்பையன் ஒருவன் அவசரமாகப் பூட்டித் தருகிறான். அதன் பிரேக் நிற்கிறதா என்று சோதித்துச் சான்று தர ஒருவரும் இல்லை. சைக்கிளில் ஒளி பிரதிபலிப்பான் இருக்க வேண்டும் என்று விதி போடத் தெரிந்தவர்களுக்கு, பூட்டி முடித்த வண்டி நிற்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. சைக்கிள் ஓட்டுபவர் ஏழை என்பதால் வந்த அலட்சியம் இது என்றே நான் கருதுகிறேன்.

இனி, உங்கள் வண்டி. ஒயர் டிஸ்க் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கக் கட்டை மட்டுமே அசையும். தேய்மானத்துக்கு ஏற்ப மறுபக்கக் கட்டையைத் திருகி உள்ளே கொண்டுவர வேண்டும். அதைச் செய்யாததால்தான் பலருடைய லீவர் கைப்பிடி வரை வந்து இடிக்கிறது. உடனே பிரேக் போய்விட்டது என்று சொல்லி முழு செட்டையும் மாற்றிவிடுகிறார்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது ஒரு துளிகூட டிஸ்க்கில் படக் கூடாது. லீவரை முழுவதுமாக அழுத்தி, ஒயரின் முனையில் உள்ள உலோகக் குண்டு உட்காரும் இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த அந்த ஒயரில் ஒரே ஓர் இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும், அன்றே மாற்றிவிடுங்கள்.

ஏறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரமும் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரமும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைப் பற்கள் கொண்டிருந்தால் அதுவே போதும்.

சேலம் பக்க அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70. இறங்கும்போது, இருவரில் யாருடைய பிரேக் பலவீனமோ அவர் முன்னால் செல்லட்டும். பின்னால் வந்தால் முன்னவர் மீது மோதும் ஆபத்து அவரால்தான் ஏற்படும். மேலேறும் பேருந்துக்கு வளைவில் சாலையின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால், ஹாரன் கேட்டதும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ஒயரையும் கட்டைகளையும் மாற்றி, மூட்டையைக் கட்டிய நிலையிலேயே கோரிமேடு பக்கம் ஓட்டிப் பாருங்கள். வேலை நடக்கும்போது கடையில் அருகிலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய ஒயரையும் கட்டைகளையும் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.