சர்டிபிகேட் அவங்களுக்கு, உப்புத் தண்ணி எங்களுக்கா?

கேள்வி: எங்க ஊர் டேனரி (தோல் பதனிடற தொழிற்சாலை) வாசல்ல வெளிநாட்டு ஆடிட்ல கோல்டு வாங்குனதா போர்டு மாட்டிருக்காங்க. எங்க கெணத்து தண்ணிய புடிச்சு வெச்சா குடத்துல வெள்ளையா உப்பு படியுது. போய் கேட்டா 'இது சட்டம் இல்லீங்க, நாங்களா விரும்பி எடுத்துகினது, அதுலயே பாஸாயிட்டோம்'ன்றாங்க. ஆடிட்டுக்கு வந்தவங்க ஊர்ல ஒருத்தர்கிட்டயும் பேசல. நாங்க யார்கிட்ட சார் கணக்கு கேக்கறது?
- வாசகி, ஆம்பூர் பக்கம்

பதில்: அம்மா, உங்க கோவம் ரொம்ப நியாயம். அந்த மாதிரி ஆடிட் விதிங்கள எழுதறது தோல் வாங்கற கம்பெனிங்களும் விக்கறவங்களும்தான், அதனால ஆடிட்டர் பதில் சொல்றதும் அவங்களுக்குத்தான், பக்கத்துல தண்ணி குடிக்கற உங்களுக்கு அதுல நாற்காலியே போடல. என்னை கேட்டா பெரிய குறை இதுதான்.

ஆனா 'சட்டம் இல்ல'ன்னு சொன்னதும் திரும்பி வந்துடாதீங்க. 1992ல ஐநா நடத்துன ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டுல ஒரு பிரகடனம் போட்டாங்க, அதுவும் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாத வெறும் வாக்குறுதிதான். அதுல இருந்த 'அசுத்தம் பண்ணவனே செலவ ஏத்துக்கணும்'ன்ற கொள்கைய, நம்ம பாலாறு டேனரி கழிவால கெட்டுப்போனதுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட கேஸ்ல, 1996ல சுப்ரீம் கோர்ட் இந்த நாட்டு சட்டத்தோட பகுதின்னே சொல்லிடுச்சு. நம்ம ஜில்லா கேஸ், இன்னைக்கும் சட்டம் படிக்கற பசங்க எல்லாரும் படிக்கறாங்க. அதே பிரகடனத்தோட 10வது கொள்கை என்னன்னா, மக்களுக்கு தகவல் கிடைக்கணும், முடிவெடுக்கறதுல பங்கு வேணும், நியாயம் கேக்க வழி வேணும். நீங்க கேக்கறதும் இதேதான். பாலாறு மாசுல பாதிக்கப்பட்டவங்களோட நஷ்டஈடுக்கு மட்டும் 2025 ஜனவரில மறுபடி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட வேண்டியிருந்துச்சு, இவ்ளோ வருஷம் இழுத்தது வேதனையாத்தான் இருக்கு.

இன்னொரு வழி இருக்கு, நெறைய பேருக்கு தெரியாது. தோல் வாங்கற கம்பெனி ஜெர்மனி, இத்தாலி மாதிரி நாட்டோடதுன்னா, ஓஇசிடின்ற (பொருளாதார ஒத்துழைப்புக்காக பல நாடுங்க சேர்ந்து வெச்சிருக்கற) அமைப்போட பன்னாட்டு கம்பெனி வழிகாட்டுதல்கள் அதுக்கு பொருந்தும். இந்தியா அதுல சேரல, ஆனாலும் அந்த நாட்டு அரசாங்கம் வெச்சிருக்கற தேசிய தொடர்பு மையத்துக்கு நீங்க இங்க இருந்தே புகார் அனுப்பலாம். அபராதம்லாம் போட மாட்டாங்க, ரெண்டு பக்கத்தையும் உக்கார வெச்சு பேச பாப்பாங்க, கடைசில ஒரு அறிக்கைய வெளில போடுவாங்க, பேரு கெடும்ன்ற பயத்துலயே சில கம்பெனி எறங்கி வரும், ஆனா எல்லாரும் வருவாங்கன்னு நம்பி உக்காந்துடாதீங்க.

முதல்ல ஊர்ல ஆரம்பிங்க. அடுத்த கிராம சபைல தீர்மானம் போடுங்க: ஆடிட் வரும்போது ஊர் மக்கள்கிட்டயும் பேசணும், ரிப்போர்ட் சுருக்கம் தமிழ்ல பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டணும்னு. டேனரி அதுக்கு கட்டுப்பட வேண்டியதில்ல, ஆனா காப்பிய டேனரிக்கும், வாங்கற கம்பெனிக்கும், கலெக்டருக்கும் பதிவு தபால்ல அனுப்பிட்டா 'எங்ககிட்ட யாரும் கேக்கல'ன்னு அவங்க சொல்ல முடியாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த டேனரிக்கு என்ன நிபந்தனை போட்டிருக்குன்னு ஆர்டிஐல (தகவல் உரிமை சட்டத்துல) கேளுங்க, அந்த நிபந்தனை கட்டாயம், விருப்பம் இல்ல. கூடவே குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணிய டெஸ்ட் பண்ணி வைங்க, எந்த கெணறு, எந்த தேதின்னு ரிப்போர்ட்ல தெளிவா இருக்கான்னு பாத்து வாங்குங்க.