உணவுக்குழாய் புற்றுநோய் வந்தவரை வீட்டில் இருப்பவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்வது?

"அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாய் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு கெஞ்சினாலும் சாப்பிட மாட்டேன் என்கிறார். எப்படி ஆறுதலாக இருப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. ஊர் முக்கூடல். எங்கள் அம்மாவை இதே நோயில் பதினான்கு மாதம் பார்த்தேன். அம்மா இப்போது இல்லை. குணமான கதைதான் வேண்டும் என்றால் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

நீங்கள் மகனா மகளா தெரியவில்லை. "சாப்பிட மாட்டேன் என்கிறார்" என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் அப்பாவால் முடியவில்லை. அடம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் நினைத்தேன்.

அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, கன்னத்தில் போயிலை, நாற்பது வருஷம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். முதலில் சோறு தின்னும்போது வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "நெஞ்சுல நிக்கு" என்றாள். கேஸ் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டோம். (திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் நெஞ்செரிச்சலுக்கு யாரும் எண்டோஸ்கோப்பி எடுத்ததில்லை.) சோறு போய், தோசை போய், கடைசியில் குழைந்த கஞ்சிதான் இறங்கியது. டாக்டர் விட்ட எண்டோஸ்கோப்பிக் குழாயே அந்த இடத்தைத் தாண்டவில்லை. சதை எடுத்து அனுப்பினார்கள், ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

முடிவு வந்த அன்றைக்கு ராத்திரி எனக்கு ஒரு வெறி. சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா? சொதி வைத்து, அதில் அரை இட்லியை ஊறப்போட்டுப் பிசைந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். "வேண்டாம்ட்டி, இறங்காது" என்றாள். விடவில்லை. "எனக்காக ஒரே ஒரு வாய்" என்று அழுதே ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். அப்படியே நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கண் பிதுங்கி, கஞ்சித்தண்ணி மாதிரி எச்சில் நுரைத்து நுரைத்து வந்தது. சுளகு இருக்கிற மடியில் ஒரு சட்டியை வைத்துக்கொண்டு விடிய விடியத் துப்பினாள். காலையில் ஆஸ்பத்திரியில் மறுபடி எண்டோஸ்கோப்பி வைத்துத்தான் அந்த இட்லியை எடுத்தார்கள். கையோடு மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு விடுகிற மூக்குக் குழாயும் போட்டார்கள். திரும்பி வரும்போது அம்மா ஒன்றுதான் சொன்னாள்: "ஒனக்காகத்தான் தின்னேன்."

மூக்குக் குழாய் என்றதும் பயப்படாதீர்கள். உங்கள் டாக்டர் வயிற்றில் போடச் சொன்னாலும் சொல்லலாம், அது அவர் முடிவு. எங்கள் வீட்டில் சாப்பாட்டுச் சண்டை அந்தக் குழாயோடு ஓய்ந்தது. கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால் எதுவானாலும் மெல்லிய துணியில் வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் மெதுவாக விட வேண்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். ஊற்றியதும் படுக்க விடாதீர்கள், ஒரு மணி நேரமாவது சாய்ந்து உட்காரட்டும். ஒருமுறை சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டாமல் விட்டு அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இழுத்துத்தான் சரியானது. பலங்கொண்டு அழுத்தக் கூடாது, கம்பி கிம்பி விட்டுக் குத்தவே கூடாது. இரண்டாவது வாரத்திலிருந்து என் கையிலிருந்து சிரிஞ்சைப் பிடுங்கி அம்மாவே ஊற்றிக்கொண்டாள். பீடி சுற்றிய கை, ஒரு சொட்டுக் கீழே சிந்தாது.

அம்மாவிடம் "உள்ளே புண்ணு" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். கரண்டு (கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வைக்கிற வார்டு வாசல் போர்டை அவளே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். பிறகு எதை மறைப்பது? நுரையீரல் தாங்காது என்று ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார்கள். கரண்டும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மொத்தம் 28 நாள் கரண்டு. மூன்றாவது வாரத்தில் தொண்டை வெந்து எச்சில் விழுங்கவே அழுதாள்.

அந்த வாரம்தான் அவள் சுருக்குப் பையில் போயிலை இருந்ததைப் பார்த்தேன். "நீயே தேடிக்கிட்டதுதானம்மா" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போயிலை, பாக்கு, பீடி சிகரெட், சாராயம் எல்லாம் இந்த நோய்க்குக் காரணம் என்று எனக்கும் தெரியும், அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் சொல்லியிருக்கிறது. அம்மா காபியும் அப்படித்தான் குடிப்பாள். இதையெல்லாம் அவளிடம் சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? உங்கள் அப்பா பீடி குடித்தவராக இருந்தால் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். விடச் சொல்வதை டாக்டர் சொல்லட்டும். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளோடு வந்து அவர் முன்னாலேயே "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று கேட்பார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் உடனே போடுங்கள், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. எங்களுக்கு அதுதான் கைகொடுத்தது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாரம் ஒரு வீடியோ கால். மதினி "நீங்கதான பக்கத்துல இருக்கீங்க" என்பாள். பக்கத்தில் இருக்கிறவள்தான் பார்க்க வேண்டும், வீடு மட்டும் தூரத்தில் இருக்கிறவர் பேருக்கு. அண்ணன் இதைப் படித்தால் படிக்கட்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் உங்கள் வீட்டிலும் இது வரும். யார் எந்த வாரம் என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

கரண்டு முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு குழாயை எடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்து "ஏட்டி, சொதி வையி" என்று அவளே கேட்டாள். வைத்துக் கொடுத்துவிட்டு நான் அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன். முக்கால் மணி நேரம் எடுத்து ஒரு இட்லி தின்றாள். அதற்குப் பிறகு எட்டு மாதம் நன்றாகவே சாப்பிட்டாள்.

குழாய் பற்றி வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கேளுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் பார்ப்பேன்.