'கேலக்ஸி குவெஸ்ட்' படம் தீவிர ரசிகர்களைக் கேலி செய்கிறதா?

இல்லை. 1999இல் வந்த இந்த ஹாலிவுட் படம் முதலில் அப்படித்தான் தெரியும். ஒரு விண்வெளித் தொடர் நின்று பல வருடமாகிவிட்டது. அதில் நடித்தவர்கள் பழைய உடுப்போடு ரசிகர் மாநாடு, கடைத் திறப்பு விழா என்று காலத்தை ஓட்டுகிறார்கள். அப்போது தொடரை உண்மை வரலாறு என்று நம்பிய வேற்றுக்கிரகவாசிகள் உதவி கேட்டு வருகிறார்கள்.

அலன் ரிக்மனைக் கவனியுங்கள். மேடை நாடகத்தில் பெயர் வாங்கிய நடிகராக வருகிறார். தொடரில் பேசிய ஒரே ஒரு வசனத்துக்குள் தன்னை அடைத்துவிட்டார்களே என்று அந்த வசனத்தையே வெறுக்கிறார். கடைத் திறப்பில் அதைச் சொல்லும்போது குரலில் உயிரே இல்லை. அப்புறம், அவரைத் தந்தையாக நினைத்த வேற்றுக்கிரகவாசி ஒருவன் கண்முன்னே உயிர் விடும்போது, அதே வசனத்தை மனமாரச் சொல்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தொடரை நிஜமென்று நம்புவது நமக்கும் புதிதல்ல. திருகோணமலை உவர்மலையில் இருக்கும் என் பெரியம்மா, சீரியல் நாயகியின் கஷ்டம் தீரக் கோணேசர் கோயிலில் அர்ச்சனை செய்தவர். நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்வித்தார். அதை அன்பு என்றுதான் நினைக்கிறேன், பைத்தியம் என்றல்ல.

படமும் அப்படித்தான் பார்க்கிறது. தொடரில் வரும் விண்வெளிக் கப்பலின் அமைப்பை மனப்பாடமாக வைத்திருக்கும் பள்ளிப் பையனிடம், இதெல்லாம் பொய் என்று கத்திய அதே நடிகர், தொடரில் கப்டனாக வந்தவர், ஆபத்தில் அவனிடம்தான் வழி கேட்கிறார்.