படுத்ததும் கவலைகள் வரிசை கட்டி வருகின்றன, என்ன செய்வது?

பகல் முழுக்க ஓடிவிட்டுப் படுத்தால் மனம் அடங்க மறுக்கிறது, மாத்திரை இல்லாமல் வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

முதலில் மூச்சு. மன அழுத்தத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கும். 'அமைதியாக இரு' என்று மனதை அதட்டினால் அது கேட்காது. ஆனால் மூச்சு நம் கையில் இருக்கிறது. அதை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்துடிப்பு சற்றுக் குறைகிறது. அதனால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் செய்து பாருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், கவலைகளை மாலையிலேயே தாளில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே நாளை செய்யக்கூடிய ஒரு சின்னக் காரியத்தோடு. எனக்கு அதிகம் உதவியது இதுதான். எழுதி வைக்காத கவலையை, எங்கே மறந்துவிடுவோமோ என்று மனம் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

காபியை மதியத்தோடு நிறுத்துங்கள். குடித்து 5 மணி நேரம் கழித்தும், தூக்கத்தை விரட்டும் அதன் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடலில் இருக்கும்.

2 வாரத்துக்கு மேல் இப்படியே தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம், அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.