சீனியர் சிட்டிசன் அபார்ட்மென்ட்டில் வாழ்க்கை எப்படி இருக்கிறது? அப்பா அம்மாவுக்கு அங்கே வீடு வாங்கலாமா?

ஏழு வருடமாக அப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறோம். கோவைக்கு மேற்கே, மொட்டை மாடியில் ஏறினால் மலை தெரிகிற தூரம். தரைத்தளம் போக மூன்று மாடி, நான்கு பிளாக், 96 வீடு. பெயர் சொல்லப் போவதில்லை. இங்கேயே இன்னும் சாப்பிட வேண்டியிருக்கிறது. எனக்கு 74, மனைவிக்கு 70. மின்வாரியத்தில் 35 வருடம் இருந்து, உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவன்.

கேள்வி கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறாராம். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இப்படி ஒரு வீடு வாங்கிக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பார்களா என்று கேட்கிறார். உங்களுக்கு நிச்சயம் நிம்மதி தம்பி. அவர்களுக்குப் பாதி நாள் நிம்மதி, மீதி நாள் மேனேஜர்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு டைனிங் ஹாலில் காபி தயார். கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் அடுப்படியில் நின்ற என் மனைவி இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புகிறாள். கொடுத்த பணத்தில் பாதி அதற்கே சரியாகிவிட்டது. குளியலறையில் கைப்பிடி இருக்கிறது, கட்டில் பக்கத்தில் அழைப்பு மணி இருக்கிறது. யாராவது காலைக் காபிக்கு வரவில்லை என்றால் எட்டு மணிக்குள் யாரோ போய்க் கதவைத் தட்டிவிடுவார்கள். ஓய்வூதியத்துக்கு வருடாவருடம் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றுக்காக எங்கேயும் போய் நிற்பதில்லை. தபால்காரர் கைரேகைக் கருவியோடு வந்து உட்கார்ந்தால் ஆளுக்கு 70 ரூபாயில் ஒரே காலையில் முடிந்துவிடுகிறது.

சரி, இனி சாம்பார்.

இந்த வயதில் சாம்பாருக்கா சண்டை என்று தோன்றும். ஒரே சமையலறை, நூற்றைம்பது நாக்கு. ஒருவருக்கு ரத்த அழுத்தம், உப்பு ஆகாது. இன்னொருவருக்கு வெங்காயம் பூண்டு ஆகாது. கும்பகோணத்துக்காரருக்கு ரசம் தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது அரிசிம்பருப்பு சாதம் வேண்டும், அதில் நெய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். உணவுக் குழு என்று ஒன்று உண்டு, ஐந்து பேர். நான் அதில் இருந்த ஒரு வருடத்தில் ஏழு பேரோடு பேச்சுவார்த்தை நின்று போனது.

புது கேட்டரர் வந்தால் முதல் மாதம் அவியல், பாயசம் என்று அமர்க்களப்படும். மூன்றாம் மாதம் மேரக்காய் ஆரம்பிக்கும். மேரக்காய்க் கூட்டு, மேரக்காய்ப் பொரியல், சாம்பாரில் மிதப்பதும் மேரக்காய். (சென்னைக்காரர்களுக்கு இது சௌசௌ.) கத்தரிக்காய் கிலோ என்ன விலை என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டரரைத் திட்டுவோம். அவர் மேனேஜரைக் கைகாட்டுவார், மேனேஜர் கட்டடம் கட்டியவரின் பராமரிப்புக் கம்பெனியைக் கைகாட்டுவார். ஒரு நாள் ஒப்பந்தத்தை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சாப்பிடுகிறவர்கள் நாங்கள், காசு கொடுக்கிறவர்கள் நாங்கள், கையெழுத்துப் போட்டிருப்பது மட்டும் வேறு ஆள். எங்கள் பெயர் அந்தத் தாளில் ஓரிடத்தில்கூட இல்லை. அப்புறம் எவ்வளவு கத்தினாலும் மேரக்காய் போகுமா?

இங்கே எந்தத் தொல்லையை இழுத்துப் பார்த்தாலும் வேர் அங்கேதான் போய் நிற்கும். உதாரணத்துக்கு, சாப்பாடு வேண்டாம் என்றால் முந்தின நாள் மாலை நான்கு மணிக்குள் நோட்டில் எழுத வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸில் போனார். பக்கவாதம். மாதக் கடைசியில் வந்த பில்லில் மறுநாள் மூன்று வேளைச் சாப்பாடும் இருந்தது. அவர் வீட்டுக்காரர் போய்க் கேட்டதற்கு, "நோட்டில எழுதலைங்களே சார்" என்று பதில். மூன்று கடிதம் எழுதிய பிறகு 210 ரூபாய் கழித்தார்கள். அந்த மனுஷர் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். கடிதம் எழுதுவது அவருக்குப் புதிதில்லை. ஆனால் மனைவி ஐசியூவில் இருக்கும்போது சாப்பாட்டு பில்லுக்குக் கடிதம் எழுதியதை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

மேனேஜர்கள் கெட்டவர்கள் இல்லை. ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு வருகிற இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகள், ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். யார் வந்தாலும் பதில் ஒன்றுதான்: "பார்த்துக்கலாம் சார்." இதே வாக்கியத்தை 35 வருடம் பிரிவு அலுவலகத்துக்கு வந்தவர்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பதிலைப் பொறுத்துக்கொள்ளலாம், பேசுகிற தொனிதான் பொறுக்காது. காது நன்றாகக் கேட்கிறவர்களிடமும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். செலவுக் கணக்கு கேட்டால், "தாத்தா, நீங்க இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகலாமா?" ஒருமுறை நோட்டீஸ் போர்டில் "இன்மேட்ஸ் கவனத்துக்கு" என்று ஒட்டினார்கள். ஏ பிளாக்கில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை சிவப்புப் பேனாவோடு வந்து அந்தச் சொல்லை அடித்து "உரிமையாளர்கள்" என்று எழுதினார். இரண்டு ஒற்றுப்பிழைகளையும் திருத்தி, கீழே பத்துக்கு மூன்று என்று மார்க் போட்டார். அந்தத் தாளை நான் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

சி பிளாக் லிஃப்ட் கதை. போன வருடம் ஜூன் மாதம், மழைக்காற்று அடிக்கிற நேரம், லிஃப்டின் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது. ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், இருக்கிறதே என்று பார்த்தால், அது உதிரிபாகம் சேராத ஏஎம்சி. ஆள் வந்து பார்ப்பார், சாமான் மாற்றத் தனியாகக் காசு. கொட்டேஷன் பராமரிப்புக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரோ லீவில் இருந்து, ஒப்புதல் வந்து சேர 11 நாள். மூட்டு மாற்று அறுவை முடிந்து வாக்கரோடு வந்த ஒருவர் மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டார். கீழே இறங்கிச் சாப்பிட முடியாது. சாப்பாடு மேலே வந்தது, வேளைக்கு 20 ரூபாய் ரூம் சர்வீஸ் கட்டணத்தோடு. இவர்கள் லிஃப்ட் ஓடாததற்கு அவர் அபராதம் கட்டினார்.

இன்னொரு கொசுறு. சின்ன அடுக்ககங்களின் பொது விளக்கு, மோட்டாருக்கான மின் கட்டணத்தை அரசு 2023-இல் யூனிட்டுக்கு 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. பத்து வீட்டுக்கு மேல் போகக் கூடாது, மூன்று மாடிக்கு மேல் போகக் கூடாது, லிஃப்ட் இருக்கக் கூடாது. நாங்கள் அதில் சேர மாட்டோம். ஓடாத லிஃப்டும் லிஃப்ட் கணக்குதான்.

கணக்கு என்று வந்துவிட்டதால் ஜெனரேட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது 62.5 கேவிஏ. பாதி லோடில் மணிக்கு எட்டு, ஒன்பது லிட்டர் டீசல் குடிக்கும். முழு லோடில் ஓட்டினாலும் பதினைந்தைத் தாண்டாது. ஒரு ஏப்ரலில் 240 லிட்டர் டீசல் என்று செலவு காட்டினார்கள். அவ்வளவு நேரம் கரண்ட் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. பேனலில் ஹவர் மீட்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒன்று இருக்கும், இஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். பழக்க தோஷம், மாதம் முதல் தேதி அந்த எண்ணை டைரியில் குறித்து வைப்பேன். ஏப்ரல் ஒன்றுக்கும் மே ஒன்றுக்கும் வித்தியாசம் 9.4 மணி. மேனேஜரிடம் டைரியைக் காட்டினேன். "வெயில் காலம் சார், டீசல் ஆவியாகிடும்" என்றார். பெட்ரோல் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நிமிடம் யோசித்திருப்பேன். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து டீசல் 90 லிட்டருக்கு இறங்கிவிட்டது. எனக்கு "மீட்டர்" என்று பட்டப்பெயர் விழுந்தது அப்போதுதான்.

அந்த டைரிப் பக்கத்தை வைத்துத்தான் மற்றவர்களும் கணக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். உரிமையாளர் சங்கம் பதிவாகி இருந்தது, ஆனால் பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துவதோடு சரி. பணம் வசூலிப்பது, செலவழிப்பது எல்லாம் கட்டியவரின் பராமரிப்புக் கம்பெனி. இதில் வரி வேறு. சங்கம் தன் உறுப்பினரிடம் பராமரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. தாண்டினாலும் தாண்டிய தொகைக்கு மட்டும்தான் வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது. அதே பணத்தைக் கம்பெனி வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே 18 சதவீதம். நாங்கள் மாதம் 6,900 கட்டிக்கொண்டிருந்தோம், அதன்மேல் 1,242 வரி. ஓய்வு பெற்ற ஆடிட்டர்கள் இரண்டு பேர் இருக்கிற குடியிருப்பில் இதை யாரும் நான்கு வருடம் கவனிக்கவில்லை!

வசூலைச் சங்கத்தின் கைக்கு மாற்ற இரண்டு பொதுக்குழு ஆனது. கம்பெனியைவிடப் பெரிய தடை எங்கள் பிள்ளைகள்தான். வீடு பிள்ளை பெயரில் இருக்கும், பிள்ளை நியூஜெர்சியில் இருப்பார். அப்பா எல்லாவற்றுக்கும் சண்டை போடுவார், ஓட்டு மட்டும் இருக்காது. மெயில் போட்டு, நினைவூட்டி, வாட்ஸ்அப்பில் கெஞ்சி அதிகாரக் கடிதம் வாங்கினோம். இப்போது துப்புரவுப் பணியாளர், தோட்டக்காரர் சம்பளமும் கரண்ட் பில்லும் சங்கமே நேரடியாகக் கொடுக்கிறது. கம்பெனி வெறும் ஒப்பந்ததாரர். அவர்கள் பில்லுக்கு அவர்கள் வரி போடத்தான் செய்வார்கள், அதனால் 1,242-உம் அப்படியே மிச்சம் என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. கேட்டரர் ஒப்பந்தத்தில் இப்போது எங்கள் கையெழுத்து.

சட்டத்தில் ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் குடியிருப்புகளுக்கென்று மாதிரி நெறிமுறை போட்டது. மாதிரி என்பதைக் கவனியுங்கள். உருப்படியாகக் கையில் பிடிக்க இருப்பது இரண்டு. ஒன்று ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், கட்டுமானக் குறை இருந்தால் ஒப்படைத்த ஐந்து வருடத்துக்குள் சொன்னால் கட்டியவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று தமிழ்நாட்டின் புது அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். 1994 சட்டத்துக்குப் பதிலாக வந்தது, 2024 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

கேள்வி கேட்ட தம்பிக்கு இன்னொன்று. நீங்கள் பணம் போட்டு வாங்கினாலும் இங்கே நீங்கள் குடியிருக்க முடியாது. எங்கள் ஒப்பந்தப்படி குடியிருக்கும் தம்பதியில் ஒருவருக்காவது 55 வயது ஆகியிருக்க வேண்டும். அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு அந்த வயதில் ஆள் பார்த்துத்தான் விற்கவோ வாடகைக்கு விடவோ முடியும். விற்றால் பெயர் மாற்றக் கட்டணம் தனி. பி பிளாக்கில் ஒரு வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் அந்த அம்மா வைத்த துளசி காய்ந்துவிட்டது, பையன் சிட்னியிலிருந்து மாதாமாதம் பராமரிப்புப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

வாங்குவதற்கு முன் கெஸ்ட் ரூமில் மூன்று நாள் தங்கிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றைக்கு வடை பாயசம் இருக்கும். செவ்வாய், புதனில் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுங்கள். அந்தச் சாப்பாடு ஆறே முக்கால் மணிக்கே ஆரம்பித்துவிடும், அப்பாவுக்கு ஒத்துவருமா என்று யோசியுங்கள். கேட்டரர் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்து, காசோலையில் யார் கையெழுத்து, லிஃப்ட் ஏஎம்சியில் உதிரிபாகம் சேர்ந்ததா, அப்பா அம்மா ஆறு மாதம் உங்களிடம் வந்து தங்கினால் இங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். விற்பனைப் பிரிவில் இல்லை, டைனிங் ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கும் யாரையாவது. அப்புறம் அப்பா அம்மாவையும் கேளுங்கள். உங்கள் கேள்வியில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதே இல்லை.

சி பிளாக் லிஃப்டுக்கு உதிரிபாகம் சேர்ந்த ஏஎம்சி போட்டாயிற்று. அதனால் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கூடியது. லிஃப்டுக்காகக் கத்தியவர்கள் இப்போது 150-க்காகக் கத்துகிறார்கள், என்னிடம். சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். நேற்று மாலை நடந்துகொண்டிருந்தபோது கும்பகோணத்துக்காரர் வழிமறித்து, இரண்டாம் மாடிப் படி விளக்கு நான்கு நாளாக எரியவில்லை என்றார். பார்த்துக்கலாம் சார் என்றேன்.