பழைய யூனிக்ஸ் பணிநிலையத்தில் டூமும் குவேக்கும்: கேள்வி பதில்

கோவையில் பம்பு வார்ப்படங்களுக்கு வடிவமைப்பு வரையும் வேலையில் இருந்தபோது பணிநிலையங்கள் எனப்படும், யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் இந்த வலிய கணினிகளில் பழகியவன் நான். இன்றும் வீட்டில் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் ஓர் ஆக்டேன், ஓர் ஓ2, சன் நிறுவனத்தின் ஓர் அல்ட்ரா 5 ஆகியவை ஓடிக்கொண்டிருக்கின்றன. டூம், குவேக் என்னும் சுடும் விளையாட்டுகளை இவற்றில் ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

சோமனூர் வாசகர்: ஒரு துணி வடிவமைப்பு அலுவலகம் கழித்துவிட்ட சிலிக்கான் கிராபிக்ஸ் ஆக்டேன் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பக்கத்திலேயே தறிக்கூடம் இருந்ததால் உள்ளே முழுக்கப் பஞ்சு அடைந்திருக்கிறது. இதில் குவேக் ஓடுமா, அண்ணா?

பதில்: ஓடும். ஆனால் முதலில் பஞ்சைப் பற்றிப் பேசுவோம். முன்மூடியைக் கழற்றி, விசிறியையும் மின்வழங்கியின் காற்றுத் துளைகளையும் மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம். பின்பக்கமாக இழுத்தால் கிராபிக்ஸ் பலகை வெளியே வரும். அதன் முனையில் உள்ள இணைப்பான், கணினிக் கடைகளில் நாம் பார்க்கும் ஊசி வகை அன்று. மிக நுண்ணிய தொடுமுனைகள் நிறைந்த அந்தப் பரப்பு, எதிர்ப்பக்கத்தோடு அழுத்தப்பட்டே இணைப்பைத் தருகிறது. விரல் பட்டால் கலையும், துடைத்தால் சாயும். நல்லெண்ணத்தோடு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நான் ஒருமுறை துடைத்தேன். அன்றோடு அந்தப் பலகையின் கதை முடிந்தது. ஆகவே, ஆக்டேனின் இணைப்பானைத் தொடாதீர்கள். இதை இன்னும் பல முறை சொல்லப்போகிறேன்.

அடுத்து, இயந்திரத்தை இயக்கி, முனையத்தில் வன்பொருள் பட்டியலைக் காட்டும் 'ஹின்வ்' என்னும் கட்டளையைக் கொடுத்துக் கிராபிக்ஸ் வரியைப் பாருங்கள். எம்எக்ஸ்ஐ என்று வந்தால் 4 மெகாபைட் டெக்ஸ்சர் நினைவகம், அதாவது பரப்புகளில் ஒட்டும் படங்களுக்கான இடம், உண்டு. எஸ்எஸ்ஐ என்று வந்தால் இல்லை. உங்கள் கேள்விக்கான விடை செயலியின் வேகத்தில் இல்லை, அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஈரோடு வாசகர்: சன் அல்ட்ரா 5 இயந்திரத்தில் சோலாரிஸ் இயங்குதளத்தை நிறுவி, டூமின் மூலநிரலைத் தொகுத்தேன். தொகுப்பில் பிழை இல்லை. இயக்கியவுடன் விழுந்துவிடுகிறது. பொதுவெளியில் கிடைக்கும் இலவசப் பதிப்பின் வேட் கோப்பைத்தான், அதாவது ஆட்டத்தின் படங்களும் கட்டங்களும் அடங்கிய தரவுக் கோப்பைத்தான், பயன்படுத்துகிறேன்.

பதில்: மகிழ்ச்சி தரும் கேள்வி; விரிவாகவே எழுதுகிறேன். டூம் 1993 டிசம்பரில் வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் நெக்ஸ்ட்ஸ்டெப் என்னும் யூனிக்ஸ் வழி அமைப்பில் அமர்ந்துதான் எழுதினார்கள். எனவே அது யூனிக்ஸுக்கு அந்நியப் பிள்ளை அன்று. 1997 டிசம்பரில் வெளியிடப்பட்ட மூலநிரல் லினக்ஸ் பதிப்பினுடையது. அது இன்டெல் செயலியை மனத்தில் வைத்து அமைந்தது. உங்கள் ஸ்பார்க் செயலி எண்களைப் படிக்கும் திசையே வேறு.

கண்ணால் பார்க்கும்படி காட்டுகிறேன். நீங்கள் குறிப்பிடும் இலவசக் கோப்பின் 1.9 பதிப்பில் 1264 உருப்படிகள் உள்ளன. கோப்பின் தலைப்பில் அந்த எண் சிறிய பைட் முதலில் வரும்படி, எஃப்0, 04, 00, 00 என்று எழுதப்பட்டிருக்கிறது. பெரிய பைட்டை முதலில் எதிர்பார்க்கும் ஸ்பார்க் அதை அப்படியே வாசித்தால் கிடைப்பது −268173312. இத்தனை உருப்படிகளுக்கு இடம் கேட்டால் எந்த இயந்திரமும் விழத்தான் செய்யும். இதைத் திருப்பிப் போடும் வேலை மூலநிரலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது; ஆனால் தொகுக்கும்போது 'பிக் எண்டியன்' என்ற குறியை முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளுடன் நீங்களே வரையறுத்துக் கொடுத்தால்தான் அது விழித்துக்கொள்ளும். பின்னால் வந்த குவேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அது தொடங்கும்போதே இரண்டு பைட்டுகளை வைத்துத் திசையைச் சோதித்துக்கொள்கிறது. அந்த மாறியின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது; அந்தப் பிழையோடேயே உலகம் முழுதும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் தனிப்பட்ட மகிழ்ச்சி.

குறியைக் கொடுத்த பிறகும் 'பஸ் எரர்' என்று விழலாம். அதற்குக் காரணம் வேறு. நான்கு பைட் மதிப்பு ஒன்று நான்கால் வகுபடும் முகவரியில் தொடங்காவிட்டால், ஸ்பார்க் அதைப் படிக்க மறுத்துவிடும். இன்டெல் முணுமுணுத்துக்கொண்டே படித்துவிடும். டூமின் டெக்ஸ்சர் அட்டவணையில் ஒரு பதிவு என்பது 22 பைட்டோடு, அதில் ஒட்டப்படும் துண்டு ஒன்றுக்கு 10 பைட் வீதம் சேர்ந்தது. இரண்டு துண்டுகள் உள்ள பதிவு 42 பைட் நீளும். அடுத்த பதிவு நான்கால் வகுபடாத இடத்தில் தொடங்கும். எட்டு எழுத்துப் பெயரை நகலெடுக்கும் இடத்தில், முகவரி ஒழுங்காக இருக்கும் என்று தொகுப்பி நம்பிவிடுகிறது. அந்த வரியில் ஒவ்வோர் எழுத்தாக நகலெடுக்கும் சிறு சுழற்சியை எழுதிவிடுங்கள். மேலும், 32 பிட்டாகவே தொகுக்க வேண்டும். அதே பதிவில் வழக்கொழிந்த சுட்டி ஒன்று கிடக்கிறது, 64 பிட்டில் அது எட்டு பைட்டாக வீங்கி, அடுத்த உறுப்புகளை இடம்பெயர்த்துவிடும்.

இவை முடிந்ததும், 256 வண்ணத் திரை மட்டுமே ஏற்கப்படும் என்று டூம் முறையிடும். 'எம்64கான்ஃபிக்' கட்டளையால் வண்ண ஆழத்தை 8 ஆக்கிவிட்டு, மறுபடி உள்நுழையுங்கள். ஒலிச் சேவை லினக்ஸின் ஒலிக் கருவிக் கோப்பைத் தேடும். சோலாரிஸில் அது கிடையாது. முதலில் ஒலியின்றி ஓடவிடுங்கள். விளையாட்டின் உள்கடிகாரம் நொடிக்கு 35 துடிப்புதான். அல்ட்ரா 5 அதை வியர்க்காமல் எட்டும்.

பொள்ளாச்சி வாசகர்: ஆக்டேனில் விண்டோஸ் போட முடியுமா?

பதில்: முடியாது. அதன் செயலி மிப்ஸ். நீங்கள் சொல்லும் விண்டோஸ் இன்டெல் வகைச் செயலிக்கானது.

திருப்பூர் வாசகர்: என்னிடம் இருப்பது அல்ட்ரா 1, அதன் கிராபிக்ஸின் பெயர் 'கிரியேட்டர் 3டி'. பெயரிலேயே முப்பரிமாணம் இருக்கிறது. ஆனால் ஓபன்ஜிஎல் என்னும் முப்பரிமாண வரைகலை நிரலகத்தின் வழி வரையும் குவேக் ஸ்லைடு போட்டுக் காட்டுவதுபோல் நகர்கிறதே?

பதில்: பெயரை நம்பியவர்கள் பலர். இவ்வகைப் பலகைகளை வாங்கிய நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டது பம்பின் உருவத்தைக் கோடுகளாகவும், நிழல் தீட்டிய பரப்புகளாகவும் சுழற்றிப் பார்ப்பது. சுவரில் செங்கல் படம் ஒட்டும் வேலை, அதாவது டெக்ஸ்சர், அவர்களுக்கு வேண்டியதில்லை. கிரியேட்டர் 3டி பலகையில் டெக்ஸ்சர் வன்பொருள் இல்லை. குவேக்கோ ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு படம் ஒட்டுகிறது: ஒன்று செங்கல், அதன்மேல் வெளிச்ச வரைபடம். இரண்டையும் செயலியே தலையில் சுமக்கிறது, அதுவும் ஓபன்ஜிஎல்லின் சடங்குகள் அனைத்தையும் முடித்துக்கொண்டு.

ஓபன்ஜிஎல்லை விட்டுவிட்டு, செயலியை மட்டுமே கொண்டு படம் வரையும் குவேக்கின் சொந்த மென்பொருள் வரைவியை 320க்கு 200 அளவில் ஓட்டுங்கள். உடனே வேறுபாடு தெரியும். பென்டியம் அளவுக்கு வேகம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. இன்டெல்லுக்கென அசெம்பிளியில் கையால் எழுதப்பட்ட பகுதி, தொலைவுத் திருத்தத்துக்கான வகுத்தலை 16 புள்ளிகளுக்கு ஒருமுறை செய்கிறது. மற்ற செயலிகளுக்கான சி நிரல் 8 புள்ளிகளுக்கு ஒருமுறை செய்கிறது. கையில் நிரல் இருக்கிறது, 16 ஆக மாற்றி எழுதிப் பாருங்கள்; 'டைம்டெமோ டெமோ1' கட்டளையால் வேகத்தை முன்னும் பின்னும் அளந்துகொள்ளுங்கள்.

கரூர் வாசகர்: சாதாரணக் கணினிக்கான நல்ல கிராபிக்ஸ் அட்டையை ஆக்டேனில் செருகலாமா?

பதில்: செருகிப் பயனில்லை. அந்த அட்டையில் உள்ள தொடக்க நிரல் இன்டெல் செயலிக்கானது. மேலும் ஆக்டேனின் இயங்குதளமான ஐரிக்ஸில் அதற்கான டிரைவர் இல்லை. பழைய பலகையைக் கழற்றும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். இணைப்பானைத் தொடாதீர்கள்.

நாமக்கல் வாசகர்: ஐயா, ஆக்டேனுக்குப் புதிய கிராபிக்ஸ் அட்டை எது பொருந்தும்?

பதில்: கரூர் வாசகருக்குச் சொன்னதே.

பீளமேடு வாசகர்: நீங்கள் ஆக்டேனையே தூக்கிப் பிடிக்கிறீர்கள். ஓ2வில் செயலிக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே நினைவகம். டெக்ஸ்சருக்கு 4 மெகாபைட் என்ற வரம்பே கிடையாது. நினைவகத்தை 1 ஜிகாபைட் வரை ஏற்றலாம். குவேக்குக்கு ஓ2தானே சிறந்தது?

திருப்பூர் வாசகர் குறுக்கிட்டு: கிணறு ஆழமாக இருந்தால் போதுமா? ஓ2 என்பது பெரிய கிணற்றில் அரைக் குதிரைத்திறன் மோட்டார். ஆக்டேன் என்பது சிறிய தொட்டியில் ஐந்து குதிரைத்திறன்.

பீளமேடு வாசகர்: தொட்டி வற்றினால் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் காற்றைத்தான் இறைக்கும்.

பதில்: இருவர் சொல்வதும் சரி, கேள்வி எந்த ஆட்டம் என்பதுதான். முதல் குவேக்கில் சுவர்ப் படங்கள் பெரும்பாலும் சிறியவை. 64க்கு 64 அளவுப் படம் ஒன்று, அதன் சிறுத்த நகல்களையும் சேர்த்து, 16 பிட் கணக்கில் ஏறத்தாழ 11 கிலோபைட். 4 மெகாபைட்டில் ஒரு கட்டத்துக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அடங்கும், ஆக்டேன் வெல்லும். 1997இல் வந்த குவேக் 2 வேறு. அதன் வானம் மட்டுமே 256க்கு 256 அளவில் ஆறு படங்கள். அதே 16 பிட் கணக்கில், சிறுத்த நகல்கள் இல்லாமலே, 768 கிலோபைட், அதாவது எம்எக்ஸ்ஐ நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சுவர்கள், எதிரிகளின் தோல், துப்பாக்கி, வெளிச்ச வரைபடங்கள் எல்லாம் மீதியில் நெருக்கியடிக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன ஆகிறது தெரியுமா? ஆக்டேனில் நேராக ஓடும்போது வழுக்கிக்கொண்டு போகும். மூலையில் திரும்பியவுடன், புதிய படங்கள் ஏறும் வரை ஒரு கணம் நின்றுவிடும். எதிரி நிற்பதும் அந்த மூலையில்தான். ஓ2வில் அந்தத் திடுக்கிடல் இல்லை. எப்போதும் ஒரே சீரான மந்தம்.

பீளமேடு வாசகர்: சீரான மந்தத்துக்குக் கை பழகிவிடும். திடுக்கிடலுக்குப் பழகாது.

திருப்பூர் வாசகர்: மந்தத்துக்குப் பழகுவதற்குச் சதுரங்கம் ஆடலாமே.

பதில்: என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ஆக்டேனில் 'ஜிஎல்_பிக்மிப் 1' என்று அமைத்தால், ஒவ்வொரு சுவர்ப் படமும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகி, இடம் கால் பங்காகக் குறையும். சுவர்கள் மங்கலாகத் தெரியும். ஓடுகிற ஓட்டத்தில் சுவரை யார் ரசிக்கிறார்கள்? ஓ2வின் மந்தத்துக்கு இப்படி ஒரு வரி மருந்து கிடையாது. ஆகவே சுடும் ஆட்டத்துக்கு ஆக்டேன். பீளமேட்டு நண்பர் உடன்படமாட்டார், தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓ2வைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், டைம்டெமோ போட்டுப் பார்ப்போம். என் ஆக்டேனை நான் தூக்கிக்கொண்டு வர முடியாது, முதுகு ஒத்துழைக்காது.

தாராபுரம் வாசகர்: ஓ2வில் கூடுதல் அட்டை செருகும் பிசிஐ இடம் ஒன்று இருக்கிறதே, அதில் கிராபிக்ஸ் அட்டை...

பதில்: முடியாது. கரூர், நாமக்கல், இப்போது தாராபுரம். அடுத்த ஊர்க்காரர் கேட்பதற்கு முன் மேலே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கோபி வாசகர்: ஆக்டேனை எல்சிடி திரையில் இணைத்தால் எல்லாமே பச்சையாகத் தெரிகிறது.

பதில்: ஒத்திசைவுக் குறிகை பச்சை வண்ணத்தின் கம்பியிலேயே ஏறி வருகிறது, உங்கள் திரைக்கு அதைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. அந்த வசதி உள்ள திரையைத் தேடுங்கள். இந்த இயந்திரங்களின் 13டபிள்யூ3 திரை இணைப்பானுக்கான மாற்றுக் கம்பி வாங்கும்போது சிலிக்கான் கிராபிக்ஸுக்கானதா, சன்னுக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். உருவம் ஒன்று, உள்ளே ஊசிகளின் வரிசை வேறு.

பல்லடம் வாசகர்: மூலநிரல் இலவசம் என்றால் முழு ஆட்டமும் இலவசம்தானே?

பதில்: இல்லை. நிரல் வேறு, படங்களும் கட்டங்களும் அடங்கிய தரவுக் கோப்பு வேறு. காசு கொடுத்து வாங்குங்கள், அல்லது இலவச மாதிரிப் பதிப்போடு நிறுத்துங்கள். டூமுக்கு 'ஃப்ரீடூம்' என்ற கட்டற்ற தரவும் உண்டு.

திருச்செங்கோடு வாசகர்: அல்ட்ரா 10ஐ அணைத்து எழுப்பினால் நேரம் தவறிவிடுகிறது, வலையிணைப்பும் கிடைப்பதில்லை.

பதில்: நேரத்தையும் வலை முகவரியையும் காக்கும் சில்லின் உள்ளேயே பேட்டரி பொதிந்திருக்கிறது, அது தீர்ந்துவிட்டது. 'ஓகே' என்னும் நிலையில் 'பேனர்' என்று தட்டினால், முகவரி முழுதும் எஃப் எழுத்தாகத் தெரியும். சில் பொருத்துமுனையில்தான் அமர்ந்திருக்கிறது, பற்றவைப்பு தேவையில்லை. எம்48டி59 வகையில் புதியது வாங்கி மாற்றி, முகவரியை மீண்டும் எழுத வேண்டும். இன்னும் சில் தீராத இயந்திரம் வைத்திருப்பவர்கள் இன்றே பேனரைப் பார்த்து, முகவரியைத் தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள்.

சோமனூர் வாசகர்: ஹின்வ் பார்த்தேன், அண்ணா. எஸ்எஸ்ஐ என்று வருகிறது. பலகையைக் கழற்றி ஒருமுறை செருகிப் பார்க்கட்டுமா?

பதில்: கழற்றாதீர்கள், தம்பி. எத்தனை முறை செருகினாலும் எஸ்எஸ்ஐ எம்எக்ஸ்ஐ ஆகாது, இணைப்பான்தான் போகும். திருப்பூர்க்காரருக்குச் சொன்னபடி குவேக்கின் மென்பொருள் வரைவியைத் தொகுத்துக்கொள்ளுங்கள். 'எக்ஸ்டிபைஇன்ஃபோ' கட்டளை காட்டும் பட்டியலில் 8 பிட் வண்ண வகையின் எண்ணைக் கண்டுபிடித்து, குவேக்கைத் தொடங்கும்போது 'விஷுவல்ஐடி' என்ற விருப்பத்தோடு அதைக் கொடுங்கள். உங்கள் செயலிக்கு 320க்கு 200 தாராளம். தறிக்கூடத்துப் பக்கமே பெட்டியை வைப்பதாக இருந்தால், மாதம் ஒருமுறை விசிறிப் பஞ்சை எடுத்துவிடுங்கள், தூரிகையால் மட்டும்.